வயலுக்குப் போன ஜீப், ஊருக்கு வந்த டஸ்டர்

தஞ்சை டெல்டாவில் பிரஞ்சுக்காரர்களின் கதையைக் கேட்டால் எல்லோரும் காரைக்காலைக் காட்டுவார்கள். 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து அவர்கள் கைக்குப் போன ஊர் அது. 1954 நவம்பர் 1 அன்று அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் நம்மோடு சேர்ந்தது. புத்தகங்களில் கதை அங்கே முடிந்துவிடுகிறது. நான் மன்னார்குடிப் பக்கத்து டீசல் மெக்கானிக். என் கணக்குப்படி பிரான்ஸ் இந்த மண்ணுக்குள் ஆழமாக இறங்கியது அதற்குப் பிறகுதான். நாசிக் பக்கத்து இகத்புரியில் செய்த ஒரு இன்ஜினாக, ஜீப்பின் பானெட்டுக்குள் அது வந்து சேர்ந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு சென்னையை ஒட்டிய ஒரகடத்திலிருந்து இன்னொரு முறை வந்தது. அப்போது அதற்கு டர்போ இருந்தது.

முதலாவது மஹிந்திரா எம்எம்540 ஜீப். அதில் ஓடியது பெஜோ நிறுவனத்தின் டீசல் இன்ஜின். இரண்டாவது ரெனோ டஸ்டர் 110, ரெனோவின் டர்போ டீசல். இரண்டுமே இப்போது உற்பத்தியில் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் வண்டியைத் தேடி அலைந்து வாங்கி, துடைத்து வைத்துக்கொள்ளும் ஆட்கள் இரண்டுக்கும் இருக்கிறார்கள். என் பட்டறையில் சில நாட்கள் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதுண்டு. அப்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: "அண்ணே, ரெண்டுல எது உசத்தி?" ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டெல்டாவில் நிலத்துக்கும் மனிதருக்கும் இருந்த உறவு மாறிய கதை இந்த இரண்டு இன்ஜின்களிலும் இருக்கிறது.

ஜீப் வந்த வழி

மஹிந்திரா 1947இல் வில்லீஸ் ஜீப்புகளை இறக்குமதி செய்து பூட்டி விற்கத் தொடங்கியது. அவை பெட்ரோல் வண்டிகள். எங்கள் பக்கத்தில் ஜீப் என்றால் முதலில் அரசாங்கம்தான். தாசில்தார், பொதுப்பணித்துறைப் பொறியாளர், வட்டார வளர்ச்சி அலுவலர் ஆகியோர் ஏறி வரும் வண்டி. 1960-61இல் தஞ்சை மாவட்டத்தைத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது, விதையும் உரமும் ஆலோசனையும் கொண்டுவந்த அதிகாரிகளும் ஜீப்பில்தான் வந்தார்கள். வாய்க்கால் கரையில் தூசி கிளம்பினால் மதகுக்கு ஆள் வருகிறது என்று வயலில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஜீப் விவசாயி கைக்கு வந்தது ஏலத்தில். அரசு அலுவலகத்தில் ஆயுள் முடிந்ததென்று ஒதுக்கும் வண்டியை இங்கே 'கண்டம் பண்ணின வண்டி' என்பார்கள். கண்டமான ஜீப்பை ஏலத்தில் எடுத்து, லேத் பட்டறையில் கொடுத்து, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை உட்கார வைப்பது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. பெட்ரோல் விலைதான் அதற்குக் காரணம். 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் எகிறியபோது, ஜீப் வைத்திருந்தவர்கள் டீசலுக்குத் தாவினார்கள். மஹிந்திராவே இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் இன்ஜின் வழியில் வந்த டீசலை ஜீப்பில் வைத்து விற்றது. அது உழைப்பாளி இன்ஜின். ஆனால் டிராக்டருக்காகப் பிறந்தது. கனம் அதிகம், வேகமாகச் சுழலப் பிடிக்காது. சேற்றில் இழுக்கும். தார்ச்சாலையில் வேகம் பிடிக்கச் சொன்னால் வண்டி முழுவதும் அதிரும்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மஹிந்திரா 1979இல் பெஜோவிடம் உரிமம் வாங்கியது. இன்ஜினின் பெயர் எக்ஸ்டிபி 4.90. பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2,112 சிசி. இதே 2,112 சிசி டீசல்தான் பெஜோ 504 காரிலும் ஓடியது. ஆப்பிரிக்காவில் மண் சாலைகளில் வாடகை வண்டியாக ஓடிப் பேர் வாங்கிய கார் அது. புழுதி, வெயில், மோசமான சாலை, சுமாரான டீசல், எதிலும் சளைக்காத இன்ஜின் என்று அங்கே நிரூபணமாகிவிட்டது. பிரான்சின் வடக்கில் லீல் நகரத்தில் இந்தெனோர் என்ற பெஜோவின் டீசல் பிரிவு வளர்த்த குடும்பம் இது.

1980களின் நடுவில் இந்த இன்ஜினோடு எம்எம்540 வந்தது. நான் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். என் குருநாதர் சோழன் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையில் தொழில் கற்றவர். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1972இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் பணிமனைகளில் டீசல் கற்றவர்கள் டெல்டா முழுக்கப் பட்டறை போட்டார்கள். அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது காதால் பார்க்க. "டேய் தம்பி, டிராக்டர் இன்ஜின் ஜீப்பு வர்றது பாமணியாத்துப் பாலத்துலயே தெரியும். இந்த பெஜோ வாசல்ல வந்து நின்ன பிறகுதான் தெரியும்" என்பார்.

உள்ளே பிரித்தபோது காரணம் புரிந்தது. டீசலை நேராக பிஸ்டன் தலையில் பீய்ச்சாமல், ஹெட்டில் இருக்கும் சிறிய அறையில் பீய்ச்சிச் சுழலவிட்டு எரிக்கும் அமைப்பு. எரிதல் மென்மையாகத் தொடங்குவதால் தட்டல் குறைவு. அந்த அறை குளிர்ந்திருந்தால் பற்றாது என்பதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். மார்கழிக் காலையில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் சூடேறும் வரை பொறுத்து, பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் பேட்டரியை இறக்கிவிட்டு வந்து நிற்பார்கள்.

குதிரைத்திறன் 60ஐ ஒட்டித்தான். இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் சேற்றில் இறங்குகிற வண்டிக்கு வேகம் வேண்டாம். ஒரே சீராக, பதறாமல் சுழல வேண்டும். ஐப்பசி மழையில் டெல்டாவின் வண்டல் களிமண் டயரில் அப்பிக்கொண்டு, டயரின் வெட்டுகளே மறைந்து போகும். அப்போது ஃபோர் வீல் லிவரைப் போட்டு, லோ ரேஞ்சில் தள்ளி, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் இந்த இன்ஜின் தன்பாட்டுக்கு நடக்கும். விதை நெல் மூட்டையும் உரமும் ஆளுமாக வரப்பு வரை கொண்டுபோய் இறக்கும். அறுவடை நாளில் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் நனையும் என்று தார்ப்பாய் தூக்கிக்கொண்டு இரவில் ஓடிய ஜீப்புகள் எத்தனையோ. இதன் கியர்பாக்ஸ் கேஎம்டி90, தென்கொரியாவின் கியா நிறுவனத்திடம் உரிமம் வாங்கியது. அமெரிக்க உடம்பு, பிரஞ்சு இன்ஜின், கொரியக் கியர், மராட்டிய மாநிலத்துக் கைவேலை என்று நான்கும் சேர்ந்து நீடாமங்கலத்துச் சேற்றில் ஓடின.

அதே 1979

பெஜோவின் உரிமம் மஹிந்திராவுக்கு வந்த 1979ஆம் ஆண்டை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, பிரான்சின் திஜோன் பந்தயத் திடலில், ஜான்-பியர் ஜபூயி ஓட்டிய ரெனோ கார் பிரஞ்சு கிராண்ட் பிரீயில் வென்றது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டர்போ இன்ஜின் பெற்ற முதல் வெற்றி அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1977இல் சில்வர்ஸ்டோனில் ரெனோ தன் டர்போ காரை முதன்முதலாக இறக்கியபோது, அது அடிக்கடி புகை விட்டு நின்றுபோனதால் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று ஆங்கிலேயர்கள் கேலி செய்தார்கள். கேலிக்கு ரெனோ பதில் சொல்லியது திஜோனில்.

அந்தப் பந்தய இன்ஜினின் கொள்ளளவு ஏறத்தாழ 1,500 சிசி. அன்று எங்கள் ஊர் மிராசுதாரர் வீடுகளில் நின்ற அம்பாசடரின் கொள்ளளவு 1,489 சிசி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அம்பாசடர் தந்தது சுமார் 50 குதிரைத்திறன். ரெனோ பந்தயக் கார் 500ஐத் தாண்டியது. வித்தியாசம் முழுவதும் எவ்வளவு காற்றை உள்ளே திணிக்க முடிகிறது என்பதில் இருந்தது.

பந்தயத் திடலில் கற்றதை ரெனோ சாலைக்கும் கொண்டுவந்தது. 1980இல் வந்த ரெனோ 5 டர்போ, பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் 1,397 சிசி டர்போ இன்ஜினை வைத்த சிறிய கார், 160 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே ழான் ரக்னோத்தி அதை ஓட்டி மான்டி கார்லோ ராலியில் வென்றார். இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் பிரஞ்சு டர்போ கார்களில் அது முதல் வரிசை. 1984இல் பெஜோ இறக்கிய 205 டர்போ 16, 1985இலும் 1986இலும் உலக ராலிப் பட்டத்தைப் பெஜோவுக்குப் பெற்றுத் தந்தது.

என்னை அதிகம் உலுக்குவது இன்னொரு செய்தி. அதே 1979இல் பெஜோ தன் 604 காரில் டர்போ டீசல் வைத்து ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியது. அந்த இன்ஜின் 2,304 சிசி. எங்கள் ஜீப்பில் இருந்த எக்ஸ்டிபி 4.90 எந்தக் குடும்பமோ அதே குடும்பம். அதற்கு நேர் தம்பி. ஒரே ஆண்டில் பிரான்ஸ் தம்பிக்கு டர்போ மாட்டித் தன் நெடுஞ்சாலையில் ஓடவிட்டது. அண்ணனை டர்போ இல்லாமல் நமக்கு எழுதிக் கொடுத்தது. இதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. அன்றைய டெல்டாவில் டர்போவுக்கு ஏற்ற சாலையும் இல்லை, எண்ணெயும் இல்லை, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கையும் இல்லை. நமக்குத் தேவைப்பட்டதுதான் வந்தது.

காற்றும் தண்ணீரும்

டர்போ என்ன செய்கிறது என்று கேட்கும் விவசாயிகளுக்கு நான் பாசனத்தை வைத்துத்தான் சொல்வேன். டர்போ இல்லாத இன்ஜின் ஆற்றுப்பாசனம் மாதிரி. பிஸ்டன் கீழே இறங்கும்போது மடை திறக்கிறது. காற்று தானாகப் பாய்கிறது. பாய்ந்த அளவுக்குத்தான் விளைச்சல். டர்போ என்பது மோட்டார் வைத்து இறைப்பது. ஆனால் இந்த மோட்டாருக்குக் கரண்ட் பில் கிடையாது. சைலன்சர் வழியே வீணாய்ப் போகும் புகையின் வேகமே ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். நடுவில் அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்.

ஆல்ஃப்ரெட் பூகி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். முதல் உலகப்போரின்போது பிரான்சின் ஒகுஸ்த் ரத்தோ இதை விமான இன்ஜின்களுக்குக் கொண்டுபோனார். உயரே போகப் போகக் காற்று மெலியும். மெலிந்த காற்றை அழுத்திக் கொடுத்தால் இன்ஜின் சோர்வடையாது. மேலே பறப்பதற்காக வளர்ந்த ஒரு கருவி, குன்று என்று சொல்ல ஒன்றுகூட இல்லாத, கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும் எங்கள் மண்ணுக்கு எதற்கு வர வேண்டும்? அதற்கான பதில் சாலையில் இருக்கிறது.

ஒரு பழைய தொடர்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர் என்றாலும் 1858இல் பிறந்தது பாரிஸில். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். காலனிகளில் விளையும் கடலையிலிருந்தே இன்ஜினுக்கு எரிபொருள் கிடைக்குமா என்று பிரஞ்சு அரசு பார்க்க நினைத்தது. அந்தக் காலத்தில்தான் தென்னாற்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்க்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. டீசல் இன்ஜினுக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள உறவு ஜீப்புக்கு முந்தியது.

டஸ்டர் வந்த வழி

டர்போ டீசல் பிரஞ்சுக் கார் இங்கே பரவலாக வருவதற்கு முன்பு, பிரஞ்சு டீசல் வேறு பெயர்களில் ஓடியது. 1990களில் கல்யாணில் பூட்டிய பெஜோ 309 சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனால் பெஜோவின் 1,527 சிசி டீசல் மாருதியின் ஜென்னிலும் எஸ்டீமிலும் வந்தது. வைத்திருந்தவர்களில் பலருக்கு அது பிரஞ்சு இன்ஜின் என்றே தெரியாது. 2007இல் மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து கொண்டுவந்த லோகன் காரில்தான் ரெனோவின் 1.5 லிட்டர் டர்போ டீசலை நான் முதலில் கையால் தொட்டேன்.

அந்த இன்ஜினின் குறியீடு கே9கே. 76 மில்லிமீட்டர் விட்டம், 80.5 மில்லிமீட்டர் ஓட்டம், 1,461 சிசி. 2001இல் ஐரோப்பாவில் பிறந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது. 2012 ஜூலையில் அங்கிருந்து டஸ்டர் வெளியே வந்தது. உடலமைப்பு ரெனோவின் ருமேனிய நிறுவனமான டாசியாவினுடையது; இன்ஜின் ரெனோவுடையது. அடுத்த ஆண்டுக்கான இந்தியாவின் சிறந்த கார் விருது அதற்குத்தான் கிடைத்தது. 85 குதிரைத்திறனில் ஒன்று, 110இல் ஒன்று. 2014இல் நான்கு சக்கர இழுவையோடு இன்னொன்று வந்தது.

இரண்டு இன்ஜின்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தலைமுறையின் தூரம் தெரியும். எக்ஸ்டிபி 2,112 சிசியில் லிட்டருக்கு 30 குதிரைத்திறன் கொடுக்கவே தடுமாறும். கே9கே 1,461 சிசியில் லிட்டருக்கு 75 தருகிறது. இழுவிசையும் டஸ்டரில் ஏறத்தாழ இரட்டிப்பு. முன்னதில் டீசலை அளந்து கொடுப்பது இரும்புப் பம்ப். எல்லாம் கண்ணால் பார்க்கும் வேலை. பின்னதில் காமன் ரயில் குழாயில் 1,000 பாருக்கு மேலான அழுத்தத்தில் டீசல் தயாராக நிற்கிறது. எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் பெட்டி சொல்கிறது. 110 மாடலின் டர்போவில் சிறு இதழ்கள் இருக்கின்றன. புகை குறைவாக இருக்கும்போது அவை வழியைக் குறுக்கி வேகம் கூட்டும், அதிகமானால் விரிந்துகொடுக்கும். சூடேறிய காற்று விரிந்துபோகும் என்பதால், அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் உண்டு. எங்கள் சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும்.

ஆனால் ஜீப்பில் இருந்த ஒரு குணம் இதில் இல்லை. 2,000 சுற்றுக்குக் கீழே டஸ்டர் 110 மந்தமாக இருக்கும். டர்போ விழித்துக்கொண்டதும் ஒரேயடியாகப் பாயும். ஒரு வண்டிதான் போக முடியும் என்கிற ஆற்றங்கரைச் சாலையில், எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வரும்போது, பின்வாங்கி ஒதுங்கி மறுபடி ஏறுவதற்கு இந்தக் குணம் தோதில்லை. நான்கு சக்கர இழுவை உள்ள டஸ்டரிலும் லோ ரேஞ்ச் லிவர் கிடையாது. அதற்குப் பதிலாக முதல் கியரை மிகவும் தாழ்வாக வைத்திருந்தார்கள். சேற்றைத் தாண்டிவிடும். சேற்றிலேயே நாள் முழுக்க வேலை செய்வதற்குச் செய்த வண்டி அல்ல.

அது வேறு வேலைக்கு வந்தது. 1980களில் ஜீப் வாங்கியவர் வயலுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர். காவிரி தண்ணீர் கடைமடைக்கு வந்ததா, குறுவை நாற்று எப்படி நிற்கிறது, மடையை யார் அடைத்தார்கள் என்று தினமும் போய்ப் பார்க்க அவருக்கு வண்டி தேவைப்பட்டது. 2012க்குப் பிறகு டஸ்டர் வாங்கியவர் அநேகமாக அவருடைய மகன் அல்லது மகள். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. இல்லாவிட்டால் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நிலம் குத்தகையில் இருக்கிறது. வெள்ளி இரவு கிளம்பி, 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, விடியும்போது ஊருக்கு வந்து, அம்மாவைப் பார்த்து, குலதெய்வம் கோயிலுக்குப் போய், வயலை ஒருமுறை சுற்றிவிட்டு, ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். அந்த நெடுஞ்சாலைக்கு டர்போ வேண்டும். லாரிகளைத் தாண்டிப் போகும் அந்தச் சில நொடிகளுக்கு வேண்டும். ஊருக்குள் நுழைந்த பிறகு பள்ளம் மேட்டில் அடி தட்டாத 205 மில்லிமீட்டர் உயரமும் வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் கிடைத்ததால்தான் டஸ்டர் எங்கள் தெருக்களில் இத்தனை நின்றது.

இதில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். எம்எம்540 வயலுக்குப் போகிறவரின் வண்டி. டஸ்டர் ஊருக்கு வருகிறவரின் வண்டி. நடுவே கழிந்த கால் நூற்றாண்டில் டெல்டாவின் விவசாயக் குடும்பம் வயலைவிட்டு எவ்வளவு தூரம் விலகியது என்பதை, எந்தப் புள்ளிவிவரத்தையும்விட இந்த இரண்டு வண்டிகள் எனக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

கஜா அடித்த பிறகு

2018 நவம்பர் 16 விடியலில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. கரண்ட் கம்பம், மரம், ஓடு எல்லாம் சாலையில். இந்த இரண்டு வண்டிகளுக்கும் உரிய இடம் எது என்று நான் கண்ணால் கண்டது அந்த நாட்களில்.

முதல் சில நாட்கள் ஜீப்பின் நாட்கள். தெருவில் விழுந்த தென்னையை அறுத்து, கயிறு கட்டி, ஜீப்பின் பின்கொக்கியில் மாட்டி லோ ரேஞ்சில் இழுப்போம். இன்ஜின் ஒரே சுருதியில் ஓடும், மரம் நகரும். கரண்ட் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. எதையும் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வழியில்லாத அந்த வாரத்தில், ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் போதுமென்று இருந்த வண்டி ஊரைச் சுத்தம் செய்தது.

வழி திறந்த பிறகு டஸ்டரின் வேலை. சிகிச்சை தள்ளிப்போடக் கூடாத நோயாளிகளைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். திரும்பும்போது மருந்து, குடிநீர், மெழுகுவர்த்தி, ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றி வர வேண்டும். சென்னையிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த டஸ்டர்கள் இரவும் பகலும் அந்த வேலையைச் செய்தன. ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுபோனால் நோயாளி தாங்கமாட்டார். இரும்புப் பட்டை ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகில் சொல்லும்.

சேகரிப்பவர்களுக்கு

இப்போது இரண்டும் சேகரிப்புப் பொருளாகிவிட்டன. பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 அன்று வந்தபோது ரெனோ இந்தியாவில் டீசலையே நிறுத்திவிட்டது. டஸ்டர் அதன் பிறகு சிறிது காலம் பெட்ரோலில், 1.3 லிட்டர் டர்போவோடும் ஓடி, 2022இல் நின்றது. அதனால் நான்கு சக்கர இழுவை உள்ள டீசல் டஸ்டர் ஒன்று விலைக்கு வந்தால் கோயம்புத்தூரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். எம்எம்540க்கு நெடுநாளாகவே மவுசு. ஆனால் வாங்குகிற பலர் முதல் வேலையாக பெஜோ இன்ஜினை எடுத்துவிட்டு, புதிய டர்போ டீசல் ஒன்றை மாட்டச் சொல்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் கெடாத வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவும் 'விஏ' வரிசை எண்ணும் கிடைக்கும். 1986இல் பதிவான ஜீப் 2036 வரை காத்திருக்க வேண்டும். 2014 டஸ்டர் 2064 வரை. அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டி ராலிக்கும் கொண்டுபோகலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. அதுவரை 15 ஆண்டு கடந்த வண்டிக்கு மறுபதிவு, தகுதிச் சான்று என்று செலவு உண்டு. அரசு வண்டிகளின் நிலை இன்னும் மோசம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு முடிந்த அரசு வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, நேராகக் கழிவுக்குத்தான். கண்டமான ஜீப்பை ஏலத்தில் எடுத்து விவசாயி உயிர் கொடுத்த வழக்கம் அத்தோடு முடிந்தது.

ஆகவே, ஜீப் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். இன்ஜினை மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதை எடைக்குப் போடாமல் எண்ணெய் பூசி, மூடிக் கட்டி வையுங்கள். பிளாக்கில் இருக்கும் இன்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றையும் ஒப்பிட்டுப் படம் எடுத்து வையுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து ஹெட் சூடேறினால் பிறகு லேத் பட்டறைக்காரராலும் காப்பாற்ற முடியாது.

டஸ்டர்காரர்களுக்கும் உண்டு. எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுங்கள். அந்த டர்போ தண்டுக்கு வேறு துணை கிடையாது. சென்னையிலிருந்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகு அணையுங்கள். நம்பிக்கையான பங்கில் டீசல் போடுங்கள். காமன் ரயில் இன்ஜெக்டருக்குத் தண்ணீர்தான் எமன். காரைக்காலில் விலை குறைவென்று கேனில் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருந்து ஊற்றுவது பழைய ஜீப்புக்குக்கூடக் கெடுதல். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை, தேதியோடும் கிலோமீட்டரோடும் நோட்டில் எழுதி வையுங்கள். இன்னும் 20 ஆண்டு கழித்து இந்தக் காரைத் திறக்கப்போகும் பையனுக்கு அந்த நோட்டுதான் வழி காட்டும்.

அந்தப் பையன்தான் என் பெரிய கவலை. பம்ப் நாசில் கடைகள் மூடிக்கொண்டே வருகின்றன. எக்ஸ்டிபியின் பம்ப்பைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர் மூன்றிலும் சேர்த்து விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் பழைய டீசல் பாடம் சுருங்கிவிட்டது. நியாயந்தான், வேலை இப்போது அங்கே இல்லை. ஆனாலும் இந்த ஊர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றும் ஒரு பெஜோ இன்ஜினையும் ஒரு ரெனோ இன்ஜினையும் பிரித்து மேசையில் வைத்து, ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் காட்டினால் போதும். நான் அதைத் தொடங்கிவிட்டேன். ஜீப்பின் ஹெட்டும் டஸ்டரின் டர்போவும் என் பட்டறை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வருகிற பிள்ளைகள் முதலில் டர்போவைத்தான் கையில் எடுக்கிறார்கள். தண்டைச் சுழற்றிவிட்டு, "இது எதுல சுத்துது அண்ணே?" என்று கேட்கிறார்கள். புகையில் என்று சொல்லி, அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று காட்ட ஜீப்பின் ஹெட்டைத் திருப்பி வைக்கிறேன். பழையதைப் புரிந்துகொண்ட பிறகுதான் புதியது அவர்களுக்குப் பிடிபடுகிறது. இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் மன்றாடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை.